ஐப்பசி மழையும் அஞ்சறைப் பெட்டியும்



புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கிறதே, அந்தப் பத்துப் பதினைந்து நாள்தான் வருஷத்திலேயே நம் பொறுமையைச் சோதிக்கிற காலம். பகலில் வெயில் சுளீரென்று அடிக்கிறது. நடு ராத்திரியில் இடி இடித்துக் கொட்டித் தீர்க்கிறது. படுக்கும்போது மின்விசிறி முழு வேகத்தில் சுழல வேண்டும். விடியற்காலையில் ஆளாளுக்குப் போர்வையைத் தேடுகிறார்கள். முதலில் சின்னவன் மூக்கை உறிஞ்சுவான். மறுநாள் பெரியவளுக்குத் தொண்டை கட்டும். மூன்றாம் நாள் வீட்டுக்காரர், "எனக்கென்னமோ உடம்பு ஒரு மாதிரியா இருக்கு" என்று ஈஸி சேரில் சாய்வார். கடைசியில் நமக்கு வரும்போது கஷாயம் வைத்துக் கொடுக்க வீட்டில் ஆள் இருக்காது!

இந்த இடைப்பட்ட நாட்களுக்கு ஆயுர்வேதத்தில் ஒரு தனிப் பெயரே உண்டு. 'ருதுசந்தி' என்று சொல்கிறார்கள். ஒரு பருவத்தின் கடைசி ஏழு நாளும், அடுத்த பருவத்தின் முதல் ஏழு நாளும் சேர்ந்த பதினான்கு நாள். வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹிருதயத்தில் பருவ ஒழுக்கத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதன் முடிவில் அவர் சொல்கிற விஷயம்தான் நமக்கு மிகவும் வேண்டியது. பழைய பருவத்துப் பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். புதிய பருவத்துக்கானதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும். சட்டென்று மாற்றினால் அந்த மாற்றமே வியாதியைக் கொண்டு வரும் என்கிறார்.

பாருங்களேன், நாம் செய்வது நேர் தலைகீழ்! நேற்று வரை ராத்திரி தயிர் சாதம், ஃப்ரிட்ஜ் தண்ணீர், பச்சைத் தண்ணீர்க் குளியல். முதல் மழை பெய்ததும் ஒரே நாளில் தயிர் நிறுத்தம், மூன்று வேளையும் மிளகு கஷாயம், குழந்தைக்கு இரண்டு ஸ்வெட்டர். உடம்பு திண்டாடிப் போகாதா?

இதற்குச் சரக சம்ஹிதையில் ஒரு கணக்கு இருக்கிறது. கால் கால் பங்காக மாற்றுவது. முதலில் பழையது முக்கால், புதியது கால். பிறகு பாதிக்குப் பாதி. அப்புறம் பழையது கால், புதியது முக்கால். சமையலறை பாஷையில் சொல்கிறேன். ராத்திரித் தயிரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தயிரின் அளவைக் குறைத்துவிட்டு, ஒரு கரண்டி ரசம் சாதம் முதலில். அடுத்த சில நாள் தயிருக்குப் பதில் இஞ்சி, கறிவேப்பிலை தட்டிப் போட்ட மோர். அதற்கப்புறம் மோரும் மத்தியானத்தோடு சரி. குளியல் தண்ணீரும் இப்படித்தான். எடுத்த எடுப்பில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்ளாமல், முதல் வாரம் சில்லிப்பு மட்டும் விடுகிற அளவுக்கு ஒரு செம்பு வெந்நீர் கலந்தால் போதும். குழந்தைகள் முரண்டு பிடிக்காமல் ஒத்துழைப்பதும் இந்த முறையில்தான். "இன்னிலேர்ந்து தயிர் கிடையாது!" என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்?

இங்கே இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஆயுர்வேதப் புத்தகத்தை வாங்கி, மாதத்தைப் பார்த்து, அப்படியே பின்பற்றுகிற சில பேரை எனக்குத் தெரியும். அது நம் ஊருக்குச் சரிப்படாது. அந்தக் கணக்கில் மழைக் காலத்துக்குப் பிறகு வருவது சரத் ருது. ஏறக்குறைய செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் நடு வரை. மழை விட்டு, வானம் வெளுத்து, வெயில் காய்ந்து, பித்தம் கிளம்புகிற காலம். ஆகவே குளிர்ச்சியான, கசப்பும் இனிப்புமான ஆகாரம் சாப்பிடு, சாயங்காலம் நிலவொளியில் உட்கார் என்று எழுதியிருக்கிறார்கள். வடக்கே அது ரொம்பச் சரி. தென்மேற்குப் பருவமழை அங்கே செப்டம்பரோடு விலகிவிடுகிறது. நமக்கோ வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாவது வாரத்தில்தான் ஆரம்பம். தமிழ்நாட்டின் வருஷ மழையில் கிட்டத்தட்ட பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டிவிடுகிறது. சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் பாதிக்கும் மேல். ஐப்பசியில் மாம்பலத்து மொட்டை மாடியில் நிலவொளியில் உட்கார வேண்டுமானால் கையில் குடையோடுதான் உட்கார வேண்டும்!

நம் முன்னோர்கள் இதைத் தெரிந்துதான் தமிழுக்கென்று தனியாகப் பருவம் வகுத்தார்கள். ஆவணி, புரட்டாசி கார் காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர் காலம். கூதிர் என்றால் வாடையோடு கூடிய குளிர். ஆகவே புத்தகத்தில் மழைக் காலத்துக்கு என்ன சொல்லியிருக்கிறதோ, அதை நாம் ஐப்பசி கார்த்திகைக்கு எடுத்துக்கொள்வதுதான் பொருத்தம். மாதத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். ஜன்னலுக்கு வெளியே பாருங்கள்.

சரி, மழைக் காலத்துக்கு என்ன சொல்லியிருக்கிறது? முக்கியமாக ஒன்று: இந்த நாட்களில் ஜடராக்கினி மந்தப்படும். அதாவது பசி குறையும், சாப்பிட்டது சீக்கிரம் ஜீரணமாகாது, வாயு சேரும். அதனால் பழைய அரிசி, பயற்றங்கஞ்சி, இஞ்சி சேர்த்த பருப்பு ரசம், காய்ச்சி ஆறிய தண்ணீர், பகல் தூக்கம் கூடாது, அதிக அலைச்சலும் கூடாது. (பழைய அரிசி என்றால் அறுவடை ஆகி ஒரு வருஷமாவது ஆன அரிசி. பழைய சோறு என்று நினைத்துக்கொண்டு ஒரு மாமி என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்!)

தண்ணீர் விஷயத்தில் இன்றைய டாக்டர்களும் அதையே சொல்கிறார்கள். மழைத் தண்ணீர் தேங்கினால் சாக்கடை, குடிநீர்க் குழாயில் கலக்க இடமுண்டு. தண்ணீர் தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிஷம் கொதிக்க விட்டு, மூடியே ஆற வைக்க வேண்டும். வெதுவெதுப்பாக்கிவிட்டு "காய்ச்சின தண்ணிதான்" என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. ஒரு சிட்டிகை சீரகம் போட்டுக் காய்ச்சினால் வாசனைக்காகவே குழந்தைகள் குடிப்பார்கள்.

சமையலைப் பொறுத்தவரை நான் பெரிதாக எதையும் மாற்றுவதில்லை. ரசத்தில் புளியைக் குறைத்து மிளகு, சீரகம், பூண்டைக் கூட்டுவேன். தூதுவளை கிடைத்த அன்று தூதுவளை ரசம். முள்ளைக் கத்தரியால் நறுக்கிவிட்டு நெய்யில் வதக்கி அரைத்துவிட்டால் தொண்டையில் உறுத்தாது. கீரையில் இந்த மாதங்களில் மண்ணும் புழுவும் அதிகம். இரண்டு மூன்று தண்ணீரில் அலசி எடுக்கப் பொறுமை இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் கொஞ்ச நாள் விட்டுவிடலாம். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள். இதைச் சொன்னால் என் வீட்டிலேயே கேலி செய்கிறார்கள், ஆனாலும் நான் விடுவதில்லை. மழை வந்தால் பஜ்ஜி கேட்காத புருஷன் உண்டா? கேட்டால் போட்டுக் கொடுங்கள். ஆனால் சாயங்காலம் நாலரை மணிக்கே கொடுத்துவிட்டு, ராத்திரி கஞ்சியோடு முடித்துவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார், வயிறு நிறைந்திருக்குமே!

தீபாவளி மருந்து ஐப்பசியில் வந்து உட்கார்ந்திருப்பதும் இந்த மந்தத்துக்காகத்தான். அன்று சாப்பிடுகிற எண்ணெய்ப் பலகாரத்துக்கு மட்டும் என்று நினைத்துக் கடையில் ஒரு சின்ன டப்பா வாங்கி நிறுத்திக்கொள்கிறோம். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பாட்டிமார் ஐப்பசி பிறந்ததுமே கிளறி வைத்துவிடுவார்கள். மயிலாப்பூர் டப்பா செட்டி கடை போன்ற நாட்டு மருந்துக் கடைகளில் சாமான் மொத்தமாகவே கட்டித் தருகிறார்கள். வீட்டில் செய்கிறவர்களுக்கு என் அளவு இது. மிளகு 2 டேபிள்ஸ்பூன், தனியா கால் கப், சுக்கு 10 கிராம், கண்டந்திப்பிலி 10 கிராம், அரிசித் திப்பிலி 10 கிராம், ஓமமும் சீரகமும் ஒவ்வொரு டேபிள்ஸ்பூன். சுக்கையும் கண்டந்திப்பிலியையும் நன்றாக நசுக்கி, எல்லாவற்றையும் வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊற வைத்து, நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். திப்பியாக இருந்தால் வடிகட்டுவது நல்லது, குழந்தைகள் துப்பிவிடும். 250 கிராம் வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி, அடி கனமான வாணலியில் கொதிக்க விட்டு, அரைத்த விழுதைப் போட்டுக் கிளறுங்கள். நடுநடுவே இரண்டு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய், கால் கப் நெய். ஒட்டாமல் சுருண்டு, ஓரத்தில் நெய் கக்கும்போது இறக்கிவிடுங்கள். ஆறினால் இன்னும் இறுகும். அதனால் கொஞ்சம் தளர இருக்கும்போதே இறக்குவதுதான் சூட்சுமம். நன்றாக ஆறிய பிறகு இரண்டு டேபிள்ஸ்பூன் தேன். தேனைச் சூடாக்கக் கூடாது என்பது ஆயுர்வேதத்தில் கண்டிப்பான விதி.

பெரியவர்களுக்குச் சுண்டைக்காய் அளவு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அதில் பாதி. காலையில் ஒரு வேளை. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு வேண்டாம். வெல்லம் என்றாலும் சர்க்கரைதான். வயிற்றுப் புண் உள்ளவர்களும் தள்ளி இருக்கட்டும்.

'நல்லதுதானே' என்று அளவு மீறுவதுதான் நம் பெண்களிடம் இருக்கிற பெரிய தொல்லை. 2020-ல் கொரோனா பயத்தில் எத்தனை பேர் வீட்டில் நாள் முழுக்கக் கஷாயம் கொதித்தது! எங்கள் அடுத்த வீட்டுப் பெண் மிளகும் சுக்கும் பட்டையும் போட்டு வேளைக்கொரு டம்ளர் என்று இரண்டு மாதம் குடித்தாள். வாயெல்லாம் புண், நெஞ்செரிச்சல். டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வியே "கஷாயம் குடிக்கிறீங்களா?" என்பதுதானாம். அதிமதுரமும் அப்படித்தான். தொண்டைக் கட்டுக்கு இரண்டு மூன்று நாள் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வதில் தோஷமில்லை. வாரக் கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும். பிளட் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தொடவே வேண்டாம். ஆடாதோடையையும் கர்ப்பிணிகள் தாங்களாகச் சாப்பிடக் கூடாது. கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் குணம் அதற்கு உண்டு. பச்சிலைதானே, என்ன செய்துவிடும் என்கிற பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. நல்லது செய்கிற சக்தி இருந்தால் கெட்டது செய்கிற சக்தியும் இருக்கத்தானே செய்யும்?

எண்ணெய்க் குளியலைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், "மழை நாளில் தேய்த்துக்கொள்ளலாமா?" என்று. ஆரோக்கியமாக இருப்பவர்கள் தாராளமாகத் தேய்த்துக்கொள்ளலாம். நல்லெண்ணெயில் நாலு மிளகும் ஒரு சிட்டிகை சீரகமும் போட்டுப் பொரிய விட்டு, கை பொறுக்கிற சூட்டில் தேய்த்து, அரை மணி நேரத்துக்குள் வெந்நீரில் குளித்துவிடுங்கள். தலைமுடி நன்றாகக் காய வேண்டும். நீளமான கூந்தல் உள்ளவர்கள் வெயில் எட்டிப் பார்க்கிற நாளாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய், வெள்ளி என்று பார்க்கிற பெரியவர்கள் முணுமுணுக்கலாம், ஈரத் தலையோடு ஜலதோஷத்தை வாங்கிக்கொள்வதைவிட அது பரவாயில்லை. ஜுரமோ, ஜலதோஷமோ, அஜீரணமோ இருக்கும் நாளில் எண்ணெய்க் குளியல் கூடவே கூடாது என்பதை ஆயுர்வேதமே சொல்கிறது. "தேய்ச்சுக் குளிச்சா சரியாப் போயிடும்" என்று ஜுரக்காரரை மணையில் உட்கார வைக்காதீர்கள்.

இனி யோகாசனம். மழைக் காலத்தில் நமக்கு நடை இல்லை. கோயிலுக்கு, கடைக்குப் போவதுகூடக் குறைந்துவிடுகிறது. ஹாலில் கொடி கட்டித் துணி உலர்த்துகிறோம்; அந்த ஈரத்துக்கு நடுவில் நாள் முழுக்க அடைந்து கிடக்கிறோம். முதுகு பிடிப்பு, வயிற்று உப்புசம், காரணமில்லாத எரிச்சல் எல்லாம் சேர்ந்துகொள்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்து, ஈரத் துணியை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, இருபது நிமிஷம் ஒரு ஜமுக்காளத்தை விரித்தால் போதும். காலையில் காப்பிக்கு முன்னால் முடியாதவர்கள், சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துச் சாயங்காலம் செய்யலாம்.

முதலில் நின்றபடி கைகளை மேலே தூக்கி, குதிகாலை உயர்த்தி, மூச்சை இழுத்து விடுங்கள். ஐந்தாறு தடவை. அதுதான் தாடாசனம். உடம்பு வழங்குகிறவர்கள் சூரிய நமஸ்காரம் மெதுவாக நாலு சுற்று. மழை நாளுக்கு என் செல்ல ஆசனம் பவனமுக்தாசனம். மல்லாந்து படுத்து ஒரு முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்து, நாலைந்து மூச்சு. அப்புறம் மறு கால். பிறகு இரண்டும் சேர்த்து. பெயரிலேயே 'வாயுவை விடுவிப்பது' என்று இருக்கிறது, வேலையையும் அப்படியே செய்கிறது! குப்புறப் படுத்துப் புஜங்காசனம் மூன்று தடவை. நெஞ்சு விரிகிற சுகம் தெரியும். சாப்பிட்ட உடனே செய்யக்கூடியது வஜ்ராசனம் ஒன்றுதான். முழங்கால் வலி இல்லாதவர்கள் ஐந்து நிமிஷம் அப்படி உட்கார்ந்து குழந்தைக்குக் கதை சொல்லலாம்.

கடைசியில் நாடி சுத்தி ஐந்தாறு சுற்று, பிரமரி ஐந்து தடவை. பிரமரி என்பது வண்டு போல ஹ்ம்ம் என்று மூச்சை விடுவது. குழந்தைகள் விளையாட்டாகவே செய்வார்கள். மூக்கு அடைத்திருக்கும் நாளில் நாடி சுத்தியை முக்கி முனகிச் செய்ய வேண்டாம், பிரமரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கபாலபாதியைப் பார்த்த மாத்திரத்தில் செய்கிற பெண்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். கர்ப்பிணிகள், மாதவிடாய் நாட்களில் இருப்பவர்கள், ரத்த அழுத்தம், இருதய நோய், குடலிறக்கம் உள்ளவர்கள் அதைச் செய்யக் கூடாது. பிரசவமானவர்கள் எந்த ஆசனத்தையும் டாக்டரைக் கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், சிசேரியன் என்றால் இன்னும் நிதானம்.

சென்னையில் வெகு காலம் யோகம் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார், ஆளைப் பார்த்து, வயதையும் உடம்பையும் பார்த்துத்தான் பயிற்சி கொடுப்பார். அந்த வழியில்தான் அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் இங்கே யோக மந்திரம் ஆரம்பித்தார். எதிர்வீட்டுப் பெண் செய்கிறாள் என்று நாமும் செய்வது யோகம் ஆகாது.

மூக்கில் உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவும் ஜல நேதியையும் ஓர் ஆசிரியரிடம் நேரில் கற்றுக்கொண்டே செய்யுங்கள். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ பச்சையாக மூக்கில் போகவே கூடாது. நன்றாகக் கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும்தான். 2024-லும் 2025-லும் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் வந்து உயிர்கள் போனது ஞாபகமிருக்கும். அந்தக் கிருமி மூக்கு வழியாகத்தான் மூளைக்கு ஏறுகிறது.

இவ்வளவும் ஜலதோஷம், மந்தம், அலுப்பு வரைக்கும்தான். ஜுரம் என்று வந்துவிட்டால் கதை வேறு. நிலவேம்புக் குடிநீர் நம் எல்லோருக்கும் தெரியும். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என்று ஒன்பது சரக்கு. 2012-ல் டெங்கு பரவியபோது அரசாங்கமே கொடுத்தது. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும் என்பார்கள். அதைக் குடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. குடித்துவிட்டு டாக்டரிடம் போகாமல் உட்கார்ந்திருப்பதில்தான் ஆட்சேபணை. டெங்குவில் பயப்பட வேண்டிய நேரம் ஜுரம் கொதிக்கும்போது அல்ல. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஜுரம் இறங்கும்போது. "கஷாயம் வேலை செஞ்சிடுச்சு, ஜுரம் விட்டுடுச்சு" என்று நாம் நிம்மதியாகும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் விபரீதம் நடக்கிறது. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுவது, குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்றைப் பார்த்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஜுரத்துக்குப் பாராசிட்டமால் தவிர ஆஸ்பிரின், புரூஃபன் போன்றவற்றை நீங்களாகக் கொடுக்கக் கூடாது. ரத்தக் கசிவை அதிகமாக்கும். அந்தக் கொசு பகலில் கடிப்பது, நல்ல தண்ணீரில் முட்டை இடுவது. முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போதே, பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, மாடியில் கிடக்கும் கொட்டாங்கச்சி எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துவிட்டால் அந்தக் கணக்கு உடைந்துவிடும்.

போன வாரம் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் இளம் தாய், குழந்தைக்கு நாலு மாதம். "மழை ஆரம்பித்ததும் குழந்தைக்கு மூக்கடைப்பு. என் மாமியார் தேனில் உரை மருந்து குழைத்துக் கொடுக்க வேண்டும் என்கிறார். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுகிறார். சூடத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவுகிறார், சாம்பிராணிப் புகை வேறு. குழந்தை டாக்டர் எதுவும் கூடாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? வீட்டில் தினமும் அழுகைதான், குழந்தையும் நானும்" என்று எழுதியிருக்கிறார்.

அம்மா, டாக்டர் பேச்சைத்தான் கேட்க வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர உரை மருந்து உட்பட வேறு எதுவும் உள்ளே போக வேண்டாம். ஒரு வயது முடியும் வரை தேன் ஒரு துளிகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பெரியவர்களை ஒன்றும் செய்யாது, பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து கை கால் துவண்டு போக வைக்கும். மூக்கில் விடுகிற எண்ணெய் மூச்சுக் குழாயில் இறங்கினால் நுரையீரலில் தங்கி நிமோனியா மாதிரி ஆகிவிடும். சூடம் குழந்தைக்கு விஷம், வலிப்பு வரும். சாம்பிராணிப் புகை மூக்கடைப்பை அதிகப்படுத்தத்தான் செய்யும். மூக்கடைப்புக்கு, டாக்டர் எழுதித் தரும் உப்புத் தண்ணீர்ச் சொட்டை விட்டுவிட்டுப் பால் கொடுங்கள். கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலே குழந்தையைப் போர்வையால் மூடி ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகிற குழந்தைகள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். ஆவி பெரியவர்களுக்கு, மேஜை மேல் வைத்து, ஐந்து நிமிஷம்.

ஒன்று மட்டும் நீங்களே பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழுசாக ஒரு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. அந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க மறுத்தால், உடனே டாக்டர். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஜுரம் என்றாலே உடனே டாக்டர்.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது? "டாக்டர் திட்டறார் அத்தை" என்று பழியை டாக்டர் தலையில் போடுங்கள், அவர் ஒன்றும் வருத்தப்பட மாட்டார். அடுத்த தடவை மாமியாரையே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், எல்லாவற்றையும் அவரே கேட்கட்டும். அதோடு, அவர் கைக்கு வேலையும் கொடுங்கள். ஜுரமில்லாத நாளில் குழந்தையின் கை, கால், முதுகுக்கு எண்ணெய் தடவிப் பிடித்துவிட அவரைவிட யாருக்குத் தெரியும்? மூக்கு, காது பக்கம் மட்டும் எண்ணெய் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்களுக்குப் பூண்டுக் குழம்பும் பத்திய ரசமும் வைத்துத் தரச் சொல்லுங்கள். அவர் இத்தனை வருஷம் சேர்த்து வைத்த கைப்பக்குவம் அந்தக் குழந்தையின் அம்மாவுக்குப் போய்ச் சேரட்டும்.

உங்கள் அடுத்த கடிதத்தில் குழந்தையின் மூச்சு நிமிஷத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள். மற்றவர்கள் அடுத்த இதழுக்குள் பித்த வெடிப்புக்குக் கேட்டிருந்த களிம்புக்கு வெள்ளை மெழுகு, நல்லெண்ணெய் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பனி ஆரம்பிப்பதற்குள் சேர்ந்து செய்வோம்.